உடம்பெல்லாம் வலி: ஹோர்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி

எனக்கு வயது 47. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். நாலு வருசமாக உடம்பு முழுக்க வலி. முதலில் கழுத்தும் தோளும்தான் வலித்தது. கூடை தூக்குகிற வேலைதானே என்று இருந்துவிட்டேன். இப்போது இடுப்பு, தொடை, முழங்கால், மணிக்கட்டு, பாதம் என்று வலிக்காத இடமில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பும்போது இரவெல்லாம் யாரோ போட்டு அடித்த மாதிரி இருக்கிறது. படுத்தாலும் தூங்கின சுகம் இல்லை. மறதி வேறு. காலை நிறுவையில் எத்தனை கிலோ போட்டேன் என்று பகலில் கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. நிரையில் பின்தங்கிப் போகிறேன். பல நாள் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழுகிறது.

தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலும் பூசுகிற மருந்தும் தருவார்கள். கண்டிக்குப் போய்க் காட்டியபோது, இரத்தம் எல்லாம் சரி, எக்ஸ்ரேயும் சரி, இது பைப்ரோமயால்ஜியா என்று எழுதித் தந்தார்கள். ராத்திரிக்கு ஒரு சின்னக் குளிசையும் தந்தார்கள். அதைப் போட்டால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு எழும்ப முடியவில்லை, நிறுத்திவிட்டேன். “இரத்தமெல்லாம் சரியென்றால் பிறகு என்ன வலி?” என்று மாமியார் கேட்கிறார்.

வெளிநாட்டில் இதற்கு ஹோர்மோன் வைத்தியம் செய்கிறார்கள் என்று கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி மகள் போனில் பார்த்துச் சொன்னாள். டவுனில் ஒரு தனியார் இடத்தில் விசாரித்தேன். ஆறு மாதம் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். நகையை அடகு வைத்தால்தான் முடியும். ஒரு வருசமாக மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை. இந்தக் குளிரிலும் ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ஆப்பரேஷன் செய்துகொண்டேன். அதில்தான் ஹோர்மோன் கெட்டுவிட்டது என்று லயத்தில் சொல்கிறார்கள். அந்தத் தனியார் இடத்தில் இடைக்கிடை வாங்கும் சின்ன வெள்ளைக் குளிசை போட்டால் மட்டும் இரண்டு மூன்று நாள் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்

அன்பின் சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பைப்ரோமயால்ஜியாவைக் குணமாக்கும் ஹோர்மோன் ஊசி என்று ஒன்று இல்லை. ஆனால், உங்கள் கடிதத்தில் ஹோர்மோனோடு சம்பந்தப்பட்ட விடயங்கள் மூன்று நான்கு கிடக்கின்றன. அவற்றில் எதையும் சும்மா விட முடியாது. அந்த வெள்ளைக் குளிசையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை வைத்தியர்களிலும் பலர் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நோயில் சதையைப் பார்த்தாலும் மூட்டைப் பார்த்தாலும் வீக்கமோ தேய்வோ தெரியாது. கோளாறு இருப்பது வலியைக் கடத்தும் நரம்புகளிலும் முள்ளந்தண்டு வடத்திலும் மூளையிலும். தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவருக்கு வெளியே விழும் தூறல் பெருமழையாகக் கேட்கும். அப்படித்தான் சாதாரண அழுத்தம், குளிர், கூடைக் கயிற்றின் இழுவை எல்லாம் உங்கள் நரம்புகளுக்குள் பல மடங்காகிப் போய்ச் சேருகின்றன. 2002இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். இந்த நோய் உள்ளவர்களின் கட்டைவிரல் நகத்தை மெல்ல அழுத்தியபடியே மூளையைப் படம்பிடித்தார்கள். சுகமாக இருப்பவர்களுக்குக் கொடுத்த அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியிலேயே இவர்களுக்கு அதே அளவு வலி வந்தது. வலி உணரும் மூளைப் பகுதிகளும் அதற்கேற்றபடி வேலை செய்தன. ஆகவே உங்கள் வலி மெய்யான வலி. இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் இதைக் கையாலேயே பார்க்கலாம். என் கட்டைவிரல் நகம் வெளுக்கும் மட்டும், அதாவது சுமார் நாலு கிலோ அழுத்தத்தில், பிடரியின் அடியிலும் தோள் மேட்டிலும் முழங்கையின் வெளி ஓரத்திலும் முழங்காலின் உட்பக்கத்திலும் அழுத்திப் பார்ப்பேன். மற்றவர்கள் “அழுத்துகிறீர்கள்” என்பார்கள். இந்த நோய் உள்ளவர் கையைத் தட்டிவிடுவார், கண் கலங்கிவிடும். 1990இல் அமெரிக்க வாதநோய் நிபுணர்கள் இப்படி 18 இடங்களைக் குறித்து, 11 இடங்களிலாவது வலித்தால் பைப்ரோமயால்ஜியா என்று வைத்தார்கள். 2010இல் அதை மாற்றி, 2016இல் இன்னும் திருத்தினார்கள். இப்போது வலி இருக்கும் பகுதிகளை எண்ணுவதோடு களைப்பு, தூங்கியும் தூங்காத உணர்வு, மறதி ஆகியவற்றையும் கேட்டு, இவை மூன்று மாதமாவது நீடித்திருக்கின்றனவா என்று பார்க்கிறோம். காலை நிறுவையின் கிலோ மறந்துபோவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இந்த நோயின் அடையாளம். வெட்கப்பட ஒன்றுமில்லை, கிளினிக்கில் தாராளமாகச் சொல்லுங்கள்.

இனி ஊசிக்கு வருவோம். அது எந்த ஹோர்மோன் என்று உங்களுக்குச் சொன்னார்களா? ஹோர்மோன் என்பது ஒரே மருந்தின் பெயரல்ல. தைரொய்ட் சுரப்பது ஒன்று, சூலகம் சுரப்பது ஒன்று, சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பி சுரப்பது ஒன்று. மருந்தின் பெயரையும் அளவையும் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் கை நீட்டக் கூடாது.

உங்கள் தங்கச்சி மகள் பார்த்தது பெரும்பாலும் வளர்ச்சி ஹோர்மோனைப் பற்றியதாக இருக்கும். அந்த எண்ணம் எங்கிருந்தோ குதித்து வரவில்லை. 1975இல் கனடாவின் டொரன்டோவில் ஹார்வி மொல்டோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் நல்ல சுகத்தோடிருந்த சில இளைஞர்களைத் தூங்கவைத்து, அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளுக்குள் அந்த இளைஞர்களுக்கு உடம்பு வலியும் தொட்டால் நோகும் இடங்களும் வந்துவிட்டன. வளர்ச்சி ஹோர்மோன் பெரும்பங்கு சுரப்பது அதே ஆழ்ந்த தூக்கத்தில்தான். அப்படியானால் தூக்கம் கெட்டவர்களுக்கு அந்த ஹோர்மோனைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்கள். 1998இல் அமெரிக்காவில் ரொபர்ட் பென்னட் 50 பெண்களுக்கு ஒன்பது மாதம் தினமும் ஊசி போட்டுப் பார்த்தார். எல்லோரும் அந்த ஹோர்மோனின் அளவு குறைந்திருந்த பெண்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. உண்மையான ஊசி போட்டவர்கள் தேறினார்கள். 2012இல் ஸ்பெயினில் 120 பேரிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரிந்தது.

இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால் நாளைக்கு யாராவது அந்த ஆய்வைக் காட்டி உங்களை மயக்கிவிடுவார்கள். ஆனால் மீதியையும் கேளுங்கள். இரண்டு ஆய்விலும் ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. ஆறு மாதம் போட்டு முடித்தால் தீர்ந்தது என்று உங்களுக்குச் சொன்னது இங்கேயே பொய்யாகிறது. அது விலை கூடிய மருந்து. கை கால் வீங்கும், சீனி கூடும், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். நாள் முழுதும் கொழுந்து கிள்ளும் கைக்கு அந்த மரமரப்பு ஏற்கெனவே வரக்கூடிய ஒன்று. 2016இல் ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் அமைப்பு கைவசமிருந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, வளர்ச்சி ஹோர்மோனைக் கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே எழுதியது. மற்றவையும் அப்படித்தான். டீ.எச்.ஈ.ஏ. என்ற ஹோர்மோனை 2005இல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், வலி குறையவில்லை. ஆண் ஹோர்மோன் ஜெல்லைப் பூசிப்பார்த்த ஆய்வில் இருந்தது பன்னிரண்டே பேர். அதை நம்பி யாரும் காசு கட்டக் கூடாது.

பெண் ஹோர்மோன் விடயம் கொஞ்சம் வேறு. மாதவிடாய் தாறுமாறாக வருவதும் இரவில் வேர்த்துக் கொட்டுவதும் உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போவதன் அறிகுறி. பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் குறையும் அந்தக் காலத்தில் பல பெண்களுக்கு மூட்டும் சதையும் வலிக்கும். அதைவிட முக்கியமானது, நடுராத்திரி வேர்வை உங்களை எழுப்பிவிடுகிறது. தூக்கம் கலைந்தால் என்ன நடக்கும் என்று டொரன்டோ இளைஞர்களின் கதையில் பார்த்தீர்கள். உங்கள் வலி கூடுவதில் இதற்குப் பங்கு இருக்கலாம். அதனால் ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் பைப்ரோமயால்ஜியா போய்விடுமா? மாதவிடாய் நின்ற, இந்த நோய் உள்ள 29 பெண்களிடம் எட்டு வாரம் ஈஸ்ட்ரஜன் பட்டியைத் தோலில் ஒட்டிப் பார்த்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. மருந்துப் பட்டி ஒட்டியவர்களுக்கும் வெறும் பட்டி ஒட்டியவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

ஆனால் இரவு வேர்வைக்கும் உடல் வெக்கைக்கும் ஈஸ்ட்ரஜன் மிக நல்ல மருந்து. வேர்வை உங்களைப் பாடாய்ப் படுத்துகிறது என்றால் அதற்காக மட்டும் அதைப் பற்றிக் கேட்கலாம். கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. புரொஜெஸ்டிரோன் என்ற ஹோர்மோனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வர இடமுண்டு. 2002இல் அமெரிக்காவில் பதினாறாயிரம் பெண்களுக்கு மேல் பங்குபற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களில், பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு எட்டுப் பேர் வீதம் மார்புப் புற்றுநோயும் எட்டுப் பேர் வீதம் பாரிசவாதமும் கூடியிருந்தன. அந்தச் செய்தியால் உலகமெங்கும் பெண்கள் பயந்து மருந்தை நிறுத்தினார்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்கு முன்னர், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் பெண்களுக்கு நன்மையே மேலோங்கியிருப்பதாகத் தெரிந்தது. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் தொடவே கூடாது. எனவே இது டவுனில் விசாரித்துவிட்டு ஊசியாகப் போட்டுக்கொள்கிற காரியமல்ல. பெண் நோயியல் நிபுணரிடம் கேட்டு, பிரஷரும் மார்பும் பார்த்துத் தொடங்க வேண்டியது.

ஆப்பரேஷனைப் பற்றி லயத்தில் சொல்வதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளை வேண்டாம் என்று செய்யும் ஆப்பரேஷனில் முட்டை போகும் குழாயைத்தான் கட்டி வெட்டுகிறோம். ஹோர்மோன் சுரக்கும் சூலகத்தில் கை வைப்பதில்லை. அது முன்போலவே வேலை செய்கிறது. இத்தனை வருடம் மாதவிடாய் வந்ததே அதற்குச் சாட்சி. தோட்டங்களில் பல பெண்கள் இந்த ஆப்பரேஷனை நினைத்துப் பல வருடம் மனம் புழுங்குவதைக் கண்டிருக்கிறேன். சிலருக்கு அன்றைக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இன்றைய வலிக்கு அது காரணமல்ல.

தைரொய்ட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது குறைந்தால் உடம்பு வலி, களைப்பு, மறதி, குளிர் தாங்காமை எல்லாம் வரும்; பைப்ரோமயால்ஜியா என்றே ஏமாந்து போகலாம். நான் நோயாளியை நாற்காலியில் முழங்காலிட்டு நிற்கவைத்து, குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுண்டு. பாதம் சட்டென்று துள்ளும். தைரொய்ட் குறைந்தவருக்குத் துள்ளிய பாதம் ஆறுதலாக, அசைந்து அசைந்து இறங்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. “இரத்தம் எல்லாம் சரி” என்றார்களே, அதில் தைரொய்ட்டுக்கான டீ.எஸ்.எச். பரிசோதனை பார்த்தார்களா? கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பார்க்கவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குறைவாக இருப்பது உறுதியானால் தைரொக்சின் குளிசையே உங்களுக்கான ஹோர்மோன் சிகிச்சை. விடிய வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் சாயத்தண்ணி குடிக்க வேண்டும். தைரொய்ட் சரியாக இருப்பவர் வலிக்காக அதை எடுத்தால் நெஞ்சு படபடக்கும், எலும்பு கரையும். 1995 முதல் நம் நாட்டில் உப்போடு அயடீன் சேர்க்கிறார்கள், கழுத்துக் கழலை முன்போல் இல்லை. ஆனாலும் தைரொய்ட் குறைவு பெண்களிடம் அபூர்வமல்ல.

விற்றமின் டீயையும் இரும்புச்சத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். விற்றமின் டீ உடம்புக்குள் ஒரு ஹோர்மோனைப் போலவே வேலை செய்கிறது. பனிமூட்டமும் மழையும் நிறைந்த மலையில், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வேலை செய்யும் பெண்களுக்கு அது குறைய இடமிருக்கிறது. குந்தியிருந்து எழும்பும்போது தொடை ஒத்துழைக்காமல் கையை ஊன்ற வேண்டியிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தம் குறைந்தாலும் களைப்பு வரும். ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இப்போது அந்த வெள்ளைக் குளிசை. பெயர் தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போட்டதும் பஞ்சு மாதிரி ஆகி, இரண்டு மூன்று நாளில் வலி திரும்புகிறது என்றால் ப்ரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்டாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. அதுவும் ஹோர்மோன்தான், அதிரீனல் சுரப்பி சுரப்பதன் செயற்கை வடிவம். பல வலிகளுக்கும் காய்ச்சலுக்கும் அது ஒரு மாய சுகத்தைத் தரும். ஆனால் பைப்ரோமயால்ஜியாவுக்கு அதைக் கொடுத்து 1985இலேயே சோதித்தார்கள், வெறும் குளிசையைவிட எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. ஐரோப்பிய அமைப்பும் இதை வேண்டாம் என்றே சொல்கிறது. தொடர்ந்து எடுத்தால் முகம் உப்பும், சீனியும் பிரஷரும் கூடும், எலும்பு பலமிழக்கும். இடைக்கிடை என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்தில் எத்தனை நாள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இடைவெளியில்லாமல் வாரக்கணக்காக எடுத்திருந்தால் நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சொந்தச் சுரப்பி அதற்குள் தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளிசையையும் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் காட்டுங்கள். படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் சொல்வார்.

சரி, பலன் தருவது எது? கண்டியில் தந்த ராத்திரிக் குளிசை அமிட்ரிப்டிலினாக இருந்தால், அதை நீங்கள் கைவிட்டது எனக்கு வருத்தமே. குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் தொடங்கினால் அது தூக்கத்தை ஆழமாக்கி வலியையும் கொஞ்சம் இறக்கும். உங்களுக்குக் காலையில் எழும்ப முடியாமல் போனதற்கு நேரம் காரணமாக இருக்கலாம். பத்து மணிக்குப் போட்டு நாலு மணிக்கு எழும்பினால் மயக்கம் தெளியாது. மாலை ஏழு மணிக்கே போட்டுப் பார்க்கலாமா, பாதிக் குளிசையில் தொடங்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வாய் உலரும், மலம் இறுகும், பழகிவிடும். கண் அழுத்த நோயோ இருதயக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது ஒத்துவராவிட்டால் டுலொக்செட்டின், ப்ரிகாபலின் என்று வேறு மருந்துகளும் உண்டு. பனடோல் மட்டும் இந்த வலியை அசைக்காது. அதற்காக அளவைக் கூட்டிப் போடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

ஐரோப்பிய அமைப்பு அழுத்தமாகப் பரிந்துரைத்த சிகிச்சை ஒன்றே ஒன்று, அது உடற்பயிற்சி. மலை ஏறி இறங்குகிற பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கொழுந்து எடுப்பது உடற்பயிற்சி ஆகாது. நெற்றியில் கயிறு, முதுகில் ஈரக் கொழுந்து, இடுப்பில் நனைந்த படங்கு. குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்கிற நெருக்கடி. கழுத்தும் தோளும் மணிக்கட்டும் ஒரே அசைவை மணிக்கணக்காகச் செய்கின்றன, இடுப்பும் தொடையும் விறைத்தபடி பாரம் தாங்குகின்றன. உடம்புக்கு வேண்டியது வேறு மாதிரி அசைவு: பாரமில்லாமல், மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு, வலி கூடும் முன்பே நிறுத்திவிடுகிற நடை. வேலை இல்லாத நாளில் கூடையில்லாமல் கோயில் வரை பத்து நிமிடம் நடந்து திரும்புங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். உடம்பு நல்லாயிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு நாள் உடுப்பையும் துவைத்து, விறகும் பொறுக்கி, காம்பராவும் மெழுகி முடித்தால் திங்களும் செவ்வாயும் படுக்கையில்தான். அந்த வேலையை நாலு நாளுக்குப் பிரியுங்கள், பிள்ளைகளிடமும் வீட்டுக்காரரிடமும் பங்கு கொடுங்கள். மலையில் நிற்கும்போது நிறுவைக்கு முன் கூடையை இறக்கி, தோளை மேலே தூக்கிப் பின்னால் சுழற்றி, கழுத்தைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துக்கொள்ளுங்கள். இரவில் இடுப்பிலும் பிடரியிலும் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் இந்தக் குளிரில் இதமாக இருக்கும்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்று வளர்க்கும் தவறணையிலோ பிள்ளைமடுவத்திலோ சில மாதம் இலேசான வேலை கேட்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நோயின் பெயரை எழுதி, பாரம் தூக்க வேண்டாம் என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். அதைத் தோட்ட வைத்திய உதவியாளர் மூலம் கொடுங்கள், தொழிற்சங்கத் தலைவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். தோட்ட நிர்வாகங்கள் இப்படியான கடிதங்களை மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கை கால் முறிந்தால் கொடுக்கும் சலுகையைக் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு மறுப்பது அநியாயம்.

எங்கே போவது? கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த, 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் அங்கே இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. அங்கிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலையின் வாதநோய் கிளினிக்குக்குத் துண்டு வாங்கலாம். உங்கள் பிரதேசத்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்காக 1996இல் தொடங்கியது அது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். மாதவிடாய்ச் சங்கடங்களையும் அங்கே கூச்சமில்லாமல் பேசலாம். வலியால் மனம் விட்டுப்போய், இருந்து என்ன என்று தோன்றினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். நாலு வருடம் வலித்தால் யாருக்கும் மனம் சோரும், அதற்கும் மருந்து இருக்கிறது.

பைப்ரோமயால்ஜியா என்று எழுதிவிட்டார்கள் என்பதற்காக இனி வருகிற எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடக் கூடாது. மூட்டுகள் வீங்கிச் சூடாவது, காய்ச்சல் விடாமல் இருப்பது, உடம்பு காரணமில்லாமல் மெலிவது, மார்பில் கட்டி, மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் படுவது, இவை வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். கால் திடீரென்று மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாந்தியோடு மயக்கம் வந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸை லயத்துக்கே கூப்பிடுங்கள். அதற்கும் காசில்லை. வருகிறவர்களிடம் அந்த வெள்ளைக் குளிசையின் உறையைக் கொடுக்க மறக்க வேண்டாம்.